தண்டுமேட்டு பங்களாவின் வருகைப் பதிவேடு

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில், மம்சாபுரத்துக்குத் திரும்பும் பாதையில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஒரு மேடு வரும். தண்டுமேடு என்று பெயர். வெள்ளைக்காரப் பட்டாளம் ஒன்று ஏதோ ஒரு காலத்தில் தண்டு இறங்கி, கூடாரம் அடித்த இடம். அந்தப் பட்டாளம் யாரோடு சண்டை போடப் போனது, போனதா, போய் ஜெயித்ததா என்பதில் சுற்றுவட்டாரத்தில் மூன்று கட்சிகள் உண்டு. நாற்பது நாள் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டது என்பதில் மட்டும் மூன்று கட்சிக்கும் ஒரே கருத்து. ஏனென்றால் சண்டைக்கு அங்கே அடையாளம் எதுவும் இல்லை, சாப்பாட்டுக்கு இருந்தது. முப்பதடி நீளத்துக்குச் செங்கல்லில் கட்டிய அடுப்பு. அது போக, கூடாரக் கயிறு கட்ட இரண்டு வரிசையாக நட்ட நாற்பது கல்.

மேட்டின் மேற்குக் கோடியில், மலையைப் பார்த்தபடி பங்களா. பட்டாளம் கிளம்பிப் போன பிறகு, காற்று நன்றாக இருக்கிறதென்று ஒரு துரை மட்டும் தங்கிவிட்டாராம். அவர் கட்டியது. அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் இந்த ஊர் வெயிலைப் பற்றி அவருக்குச் சரியான தகவல் போய்ச் சேரவில்லை என்பதற்கு வீட்டுக்குள்ளேயே அத்தாட்சி இருந்தது. நடுக்கூடத்துச் சுவரைக் குடைந்து, மேலே புகைக்கூண்டு வைத்து, குளிர்காய்வதற்கென்று ஓர் அடுப்பு கட்டியிருந்தார். சித்திரை மாதத்தில் காக்காய்கூட நிழல் தேடி நடந்து போகிற ஊரில் அந்த அடுப்பு ஒரு நாளும் எரிந்ததாகச் சரித்திரம் இல்லை.

இந்த வீட்டுக்கும் மேட்டுக்கும் சர்க்கார் சார்பில் காவலராக, தோட்டக்காரராக, சுண்ணாம்பு அடிப்பவராக, வௌவால் விரட்டுபவராக இருந்தவர் சேத்தூர் தவசிமுத்து. அவருடைய நியமனம் நடந்த விதம் இது. எண்பத்தொன்றாம் வருஷம் ஆனி மாதம், தாரும் சல்லியும் சுமக்கிற தினக்கூலியாக ரோட்டில் நின்றுகொண்டிருந்தவரை ஜீப்பில் வந்த ஓர் அதிகாரி கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, எழுதப் படிக்கத் தெரியுமா?"

"அஞ்சாங்கிளாஸ் சார். கையெழுத்து நல்லா இருக்கும்."

"அந்த பங்களாவுக்கு வாட்ச்மேன் வர்ற வரைக்கும் ஒரு வாரம் பார்த்துக்க."

அந்த ஒரு வாரம் பதின்மூன்று வருஷம் ஓடியது. வாட்ச்மேன் வரவில்லை. அதற்காகத் தவசிமுத்து வாரத்தை எண்ணுவதை விட்டுவிடவும் இல்லை. யாராவது, "என்னண்ணே, இங்கேயே நிரந்தரமாயிட்டீரா?" என்று கேட்டால், "இல்லப்பா, இந்த வாரம் மட்டுந்தான்" என்பார். மனைவி வேலுத்தாயும் ஐந்து வயது மகள் பேச்சியம்மாளும் பங்களாவின் பின்கட்டுச் சமையலறைக்குக் குடி வந்தார்கள். தட்டுமுட்டுச் சாமான் இரண்டு மூட்டைதான். ஒரு வாரத்துக்கு அது போதாதா?

அதிகாரி போகும்போது இரண்டு உத்தரவு போட்டிருந்தார். ஒன்று, ஒரு கல் குறைந்தாலும் நீதான் பொறுப்பு. இரண்டு, யார் வந்தாலும் பதிவேட்டில் எழுதாமல் உள்ளே விடாதே. வந்தவர் ஒவ்வொருவரும் தன் கைப்படக் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தவசிமுத்து வேதத்தை மறந்தாலும் இந்த இரண்டையும் மறக்கமாட்டார். வேதம் அவருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

முதல் உத்தரவுப்படி, தினமும் விடிந்ததும் தண்டுமேட்டுக்குப் போய் நாற்பது கல்லையும் எண்ணுவார். ஒரு நாள் முப்பத்தொன்பதுதான் இருந்தது. பட்டாளத்தில் ஒரு சிப்பாய் ஓடிப் போயிருந்தால் அந்தத் துரைகூட அப்படிப் பதறியிருக்கமாட்டார். மூன்று நாள் தேடி, மம்சாபுரத்தில் ஒரு கிணற்றடியில் அது துணி துவைக்கிற கல்லாக உத்தியோகம் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார். துவைத்துக்கொண்டிருந்த பெண் பிள்ளை திட்டத் திட்ட, சோப்பு நுரையோடு அதைத் தலையில் தூக்கிக்கொண்டு மூன்று மைல் நடந்து வந்து, பழைய குழியிலேயே நட்டார். அன்றிலிருந்து நாற்பதாவது கல் மட்டும் மற்றவற்றைவிடச் சற்று வெளுப்பாக இருக்கும்.

இரண்டாவது உத்தரவுக்குத்தான் வேலை இல்லை. பதிவேடு கெட்டி அட்டை போட்ட பெரிய நோட்டு. தேதி, பெயர், ஊர், வந்த நோக்கம், குறிப்பு, கையெழுத்து என்று கோடு போட்டிருந்தது. ஒன்றரை வருஷத்துக்கு மேல் அதில் ஓர் எழுத்து விழவில்லை. பங்களாவுக்குத் தவறாமல் வந்து போனவை பக்கத்துக் காட்டு ஆடுகள் மட்டும்தான். கையெழுத்துப் போட வராது என்பதால் அவற்றைப் பதியாமல் விட்டார்.

எண்பத்து மூன்றில், தை மாதத்தில்தான் பதிவேடு கண் திறந்தது.

அதற்குக் காரணம் கருத்தம்மா. மம்சாபுரத்துக்கு ரோடு பிரிகிற விலக்கில் வடைக் கடை போட்டிருந்தவர். வடை சைடு வியாபாரம். கல்யாணம் முடித்து வைப்பதுதான் மெயின். அன்றைக்குச் சேத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள். விடியற்காலையில் மம்சாபுரத்தில் பெண் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு சாவு. தெருவே தீட்டு. சேத்தூர்க்காரர்களோ பஸ் ஏறிவிட்டார்கள். கருத்தம்மா வடைச்சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பங்களாவுக்கு ஓடி வந்தார்.

"ஏய்யா தவசி, செத்த நேரம் கூடத்தைத் திறந்து விடும். ஒரு பிள்ளை வாழ்க்கையாக்கும்."

"இது சர்க்கார் பங்களா. ஆபீசர்மாரு தங்குத எடம்."

"எந்த ஆபீசர்? ரெண்டு வருசமா உம்ம மூஞ்சிய நீரே பாத்துக்கிட்டு இருக்கீரு. வாறவுக அம்புட்டுப் பேரும் உம்ம நோட்டுல எழுதுவாக. போதுமா?"

நோட்டு என்றதும் தவசிமுத்துவின் மனம் இளகியது. எழுதாமல் விடாதே என்றால், எழுதினால் விடலாம் என்றுதானே அர்த்தம்? கதவைத் திறந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் பதினோரு பேரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். வந்த நோக்கம்: பெண் பார்க்க. பெண் வீட்டார் எட்டுப் பேர். கடைசியில் அலங்காரம் பண்ணிய பெண்ணையும் மேஜைக்குக் கூப்பிட்டார் தவசிமுத்து.

"பொண்ணு எதுக்குய்யா எழுதணும்? அவளத்தான பாக்க வந்திருக்காக" என்றார் பெண்ணின் சித்தப்பா.

"வந்தவுக ஒவ்வொருத்தரும் குறிப்பு எழுதணும். ரூலு. பொண்ணும் வந்திருக்கில்ல?"

சர்க்கார் ரூல் என்றதும் சித்தப்பா ஒதுங்கினார். அந்தப் பெண் குளிர்காயும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, பார்க்கப்பட்டு, எழுந்து வந்து, பேனாவை வாங்கி எழுதினாள்: 'மாப்பிள்ளை அடுப்பைத்தான் பார்த்தார். என்னைச் சரியாகப் பார்க்கவில்லை. கூச்சம் போல. சம்மதம்.'

இந்த வட்டாரத்தில் பெண் பார்க்கும் வைபவத்தில் பெண்ணிடம் அபிப்பிராயம் கேட்கப்பட்டதும், அது சர்க்கார் பதிவேட்டில் ஏறியதும் அதுவே முதல் தடவை. யாரும் புரட்சி பண்ணவில்லை. கட்டம் காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கல்யாணம் நடந்தேறியதும் பங்களாவின் கீர்த்தி பரவியது. அதற்கு ஒரு நியாயமும் உண்டு. வீட்டில் வைத்துப் பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டால், தெரு முழுக்கத் தெரியும். அடுத்த வரன் வருவதற்குள் அந்தப் பெண்ணுக்கு இல்லாத குறையெல்லாம் முளைத்துவிடும். பங்களாவில் வைத்துப் பார்த்தால் யாருக்குத் தெரியும்? "தண்டுமேட்டுப் பக்கம் காத்து வாங்கப் போனோம்" என்று சொல்லிவிடலாம். தளவாய்புரத்திலிருந்தும் சத்திரப்பட்டியிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் காற்று வாங்க வந்தார்கள்.

முறைகள் தாமாக உருவாயின. மாப்பிள்ளை தரப்பு தண்டுமேட்டில், முதல் வரிசைக் கல்லுக்கு அந்தப் பக்கமே இறங்கி நிற்க வேண்டும். பெண் தரப்பு பின்வாசல் வழியாக வீட்டுக்குள். பெண் தயாரானதும் தவசிமுத்து கிழக்குப் பக்கத்துப் பச்சை ஜன்னல் பலகையைத் திறப்பார். அதுதான் சிக்னல். அதைப் பார்த்ததும் தாய்மாமன் முன்னே, பெரியப்பா பின்னே, அத்தைமார் இரண்டு பக்கமும் என்று அணிவகுத்து மேட்டில் ஏறி வருவார்கள். பட்டாளம் போன பிறகு அந்த மேடு அப்படியொரு ஒழுங்கைக் கண்டதில்லை.

இன்னொரு முறை, எல்லாருக்கும் முன்பே தெரிந்தது. பேச்சு முடியும்வரை மாப்பிள்ளை வீட்டார் காபி, காராசேவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இலை போட்டுச் சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் மாற்றக் கூடாது.

பதிவேடு நிறைந்தது. இராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் தெலுங்கைத் தமிழ் எழுத்தில் 'சால பாகுந்தி', ரொம்ப நன்றாக இருக்கிறது, என்று எழுதினார். ஒரு பெண், 'மாப்பிள்ளையின் அம்மா என் முடியை இழுத்துப் பார்த்தார். வலித்தது. சம்மதம் இல்லை' என்று எழுதியிருந்தாள். 'குடிக்கத் தண்ணீர் கொண்டு வந்த சிறுமி நன்றாகப் பேசினாள்' என்று இன்னொரு குறிப்பு. அது பேச்சியம்மாள். எத்தனையோ மணப்பெண்களுக்குத் தண்ணீர் கொடுத்து, முந்தானை சரி பண்ணி, "பயப்படாதீக அக்கா, அடுப்பைப் பாத்துக்கிட்டே உக்காருங்க" என்று தைரியம் சொல்லியே வளர்ந்தவள்.

யாராவது குறை எழுதியிருந்தால், தவசிமுத்து அதற்குக் கீழே அழகான கையெழுத்தில் 'மேலிடத்துக்குத் தெரிவிக்கப்பட்டது' என்று எழுதுவார். மேலிடத்துக்கு அவர் எதையும் தெரிவித்ததில்லை. மாதாமாதம் ஆபீசுக்கு அனுப்பும் அறிக்கையில் 'நிலைமை வழக்கம்போல்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது. வெற்றிலை பாக்கைத் தவிர யாரிடமும் எதையும் வாங்கியதும் இல்லை. சுண்ணாம்பு வேண்டும் என்றால் கல்யாணம் கூடிய வீட்டார் தாமே கொண்டுவந்து அடித்துவிட்டுப் போவார்கள். தேக்கு உத்தரத்துக்கு எண்ணெய் பூசினார்கள், ஓடு மாற்றினார்கள். பங்களா நிமிர்ந்து நின்றது.

பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் கடைசி வரியை மட்டும் அவர் முன்கூட்டியே பென்சிலால் அடையாளம் போட்டு ஒதுக்கியிருந்தார். அது பேச்சியம்மாளுக்கு. அவளைப் பார்க்க வரும்போது அந்த அடுப்புக்கு முன்னால்தான் உட்கார வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. பெரிய ஆசை என்று சொல்ல முடியாது. நீளம் ஒரு வரிதான்.

தொண்ணூற்று நான்கு ஆடியில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசுக்குப் போனபோது ஹெட் கிளார்க் கூப்பிட்டார்.

"தவசி, ஒம் பங்களாவைக் கண்டம் பண்ணப் போறாங்க. மூணு வருஷமா ஆளே புழங்காத கட்டடம்னு நோட்டு போட்டாச்சு. இடிச்சு மரத்தையும் செங்கல்லையும் ஏலம் விட்டுட்டு, மேட்டைச் சமன் பண்ணி லாரி நிறுத்த ஷெட் போடுறதா பிளான். அடுத்த மாசம் பெரிய இன்ஜினியர் நேர்ல வர்றார்."

"புழங்காம இல்ல சார்..."

"புழங்குனதுக்கு ஆதாரம் இருந்தா காட்டு, நின்னுடும். ஆனா பார்த்துக்க. நிரந்தரம் ஆக்குற லிஸ்ட் அவர் மேஜையிலதான் இருக்கு. உன் பேரு பதினொண்ணு. சர்க்கார் எடத்தை உள்ளுக்குள்ள வேற எதுக்காவது விட்டிருந்தேன்னு தெரிஞ்சா, லிஸ்ட் இல்ல, வேலையே இருக்காது."

அன்று பஸ்ஸில் வரும்போது விஷயம் அவருக்கு முழுசாக விளங்கியது. வீட்டைக் காப்பாற்ற உலகத்தில் ஒரே ஓர் ஆதாரம்தான் உண்டு. அது பதிவேடு. அதில் நூற்று அறுபத்து மூன்று பெண் பார்த்தல்கள், தேதியோடு, சாட்சிக் கையெழுத்தோடு, நடுநடுவே அவருடைய அழகான எழுத்தோடு இருந்தன. அதைக் காட்டினால் வீடு பிழைக்கும்; அவர் போய்விடுவார். காட்டாவிட்டால் வீடு போய்விடும், அவர் நிரந்தரமாகிவிடுவார். எதற்கு நிரந்தரம் என்பதுதான் தெரியவில்லை.

வேலுத்தாய்க்குச் சந்தேகமே இல்லை.

"இங்காருங்க, அந்த நோட்டை அந்த அடுப்புல போட்டுக் கொளுத்துங்க. தொரை கட்டுன அடுப்பு ஒரு நாளாச்சும் எரியட்டும்."

"வீடு போயிருமேட்டி."

"வீடு ஒமக்கு அப்பன் வீட்டுச் சொத்தா? பதிமூணு வருசம் மழையிலயும் வெயில்லயும் காத்திருக்கோம், ஒரு ஆர்டருக்கு. அதையும் தொலைச்சிட்டு வந்தா, நான் பேச்சியக் கூட்டிக்கிட்டுச் சேத்தூருக்குப் போறேன்."

தவசிமுத்து பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய் அடுப்புக்கு முன்னால் நின்றார். தீப்பெட்டியும் கையில் இருந்தது. முதல் பக்கத்தைப் புரட்டினார்: 'கூச்சம் போல. சம்மதம்.' தீப்பெட்டியை மடியில் வைத்துவிட்டு, நோட்டைப் புகைக்கூண்டுக்குள் கைவிட்டு, உள்ளேயிருந்த ஒரு விளிம்பில் செருகி வைத்தார். கொளுத்தவும் இல்லை, காட்டவும் இல்லை. சர்க்கார் உத்தியோகத்தில் பதின்மூன்று வருஷம் இருந்தவருக்கு அந்த அளவு நிர்வாகம் தெரியாதா?

மாற்று ஏற்பாடாகக் கருத்தம்மாவிடம் போனார். "அக்கா, மரியாதப்பட்ட ஆளுக ரெண்டு பேர் வேணும். வழிப்போக்கா வந்து தங்கியிருக்கோம்னு ஆபீசர்ட்ட சொல்லணும். கல்யாணப் பேச்சு வாயில வரக்கூடாது. ரெண்டே பேரு."

"ரெண்டு பேருதான? விடும். நான் பாத்துக்கிறேன்."

கருத்தம்மாவுக்கு ரகசியம் காப்பது கைவந்த கலை. ஒருவரிடம் சொல்லும்போது, வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் சொல்வார். அப்படித்தான் நூறு பேரிடமும் சொன்னார்.

பெரிய இன்ஜினியர் வைகுண்டராஜ் ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு வந்தார். ஒல்லியான, சிரித்துப் பழக்கமில்லாத மனிதர். ஜீப்பிலிருந்து இறங்கியவர் தண்டுமேட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நான்கு வேன், இரண்டு டிராக்டர், மாட்டு வண்டிகள், ஒரு மினி லாரி. கல் வரிசைக்கு நடுவே ஜமக்காளங்கள். பட்டாளத்து அடுப்பில் முப்பதடிக்கும் தீ எரிய, மேலே வரிசையாக அண்டாக்கள். பங்களாவில் ஜோடி சேர்ந்தவர்கள் அத்தனை பேரும், பிள்ளைகுட்டிகளோடு, சாட்சி சொல்ல வந்து இறங்கியிருந்தார்கள்.

"என்னப்பா இது, கட்சி மாநாடா?"

"வழிப்போக்கர் சார்" என்றார் தவசிமுத்து.

"முந்நூறு பேரா?"

"வழி பெருசு சார்."

வைகுண்டராஜ் உள்ளே போனார். சுத்தியலால் உத்தரத்தைத் தட்டினார், சுவரைச் சுரண்டினார், டேப் பிடித்து அளந்தார். ஜன்னலுக்கு ஜன்னல் முகங்கள். அவர் எதைத் தட்டினாலும் வெளியே பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் பல்லை எண்ணுவதைப் பார்ப்பதுபோல இருந்தது அவர்களுக்கு.

ஒரு மணி ஆனது. இன்ஜினியருக்குச் சர்க்கரை வியாதி; நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். டிபன் கேரியரை டிரைவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். கருத்தம்மா இலையோடு உள்ளே வந்தார்.

"ரெண்டு வாய் சாப்பிடுங்க சார். மொகம் வாடிப் போச்சு."

"வேண்டாம்மா, டியூட்டியில் வெளியே சாப்பிடுறதில்லை."

"இது வெளிய இல்ல சார், உள்ளதான்."

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார், குளிர்காயும் அடுப்புக்கு நேர் முன்னால். சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தார். வெளியே முந்நூறு பேரின் கண்ணும் இலையில் இருந்தது. இரண்டாவது கவளம். மூன்றாவது கவளம் உள்ளே போனதும் தண்டுமேடு அதிரக் குலவை கிளம்பியது. இன்ஜினியருக்கு விக்கிக்கொண்டது.

"என்னம்மா சத்தம்?"

"கை நனைச்சிட்டீகள்ல சார்! பேச்சு முடிஞ்சிருச்சு."

"என்ன பேச்சு?"

"வீட்டை இடிக்கிறதில்லன்னு."

"நான் ஒண்ணுமே சொல்லலையே!"

"சொல்லணுமா? எங்க பக்கம் சோத்துல கை நனைச்சிட்டா சம்மதம்னுதான். பொறவு பேச்சு மாறுற வழக்கம் கெடையாது."

"வெறும் ரசஞ்சோறுன்னா விட்டுரலாம். சாம்பாருல்லா ஊத்தியிருக்கு" என்றார் ஜன்னலில் நின்ற ஒரு தளவாய்புரத்து மாமனார்.

'சால பாகுந்தி' எழுதிய ராஜு வீட்டுப் பெரியவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "அப்பளம் நொறுக்கினாரு காதா? அயிபோயிந்தி. முடிஞ்சு போச்சு."

வைகுண்டராஜ் இலையை நகர்த்தினார். முகம் சிவந்திருந்தது. "ஒரு பிடி சோத்துக்காக சர்க்கார் ஆர்டர் மாறாது. கூட்டம் கூடினா மாறாது. மூணு வருஷத்தில் இங்கே யார் வந்தா, எதுக்கு வந்தா, எழுத்துல இருக்கா? இல்லைன்னா இன்னைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவேன். அடுத்த வாரம் ஆள் வரும்."

தவசிமுத்து பின்வாசலைப் பார்த்தார். வேலுத்தாய் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னாள். பக்கத்தில் பேச்சியம்மாள், கையில் தண்ணீர்ச் செம்போடு. பழக்க தோஷம்.

தவசிமுத்து அடுப்புக்கு முன்னால் மண்டியிட்டு, தலையை உள்ளே நுழைத்துக் கையை மேலே நீட்டினார். தோள்வரைக்கும் ஒட்டடையும் வௌவால் எச்சமுமாக வெளியே வந்தது பதிவேடு. வேட்டியில் துடைத்து, இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

இன்ஜினியர் முதல் பக்கத்தைத் திறந்தார். பிறகு இரண்டாவது. சோறு ஆறியது. அரை மணி நேரம் அவர் தலை நிமிரவில்லை. முடியை இழுத்த மாமியார் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் நின்று, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"இதுக்கெல்லாம் அனுமதி கொடுத்தது யாரு?"

"நான்தான் சார்."

"உனக்கு அனுமதி கொடுத்தது?"

"எழுதாம உள்ள விடாதன்னாக சார். எழுதுனா விடலாம்னு நான் எடுத்துக்கிட்டேன்."

அவர் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தார். "இந்த ஒரு வரி ஏன் காலி?"

"அது... எம் மக பேச்சிக்கு சார்."

வைகுண்டராஜ் வாசலில் நின்ற பெண்ணை ஒரு தடவை பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சிவப்பு மை பேனாவை எடுத்து, அந்தக் காலி வரியின் மேலேயே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, 'பதிவேடு முடிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதுதான் முறை. காலி இடம் விட்டு முடித்தால், பின்னால் யாராவது எதையாவது சேர்த்துவிடுவார்கள் அல்லவா?

"வீட்டைக் காப்பாத்திட்ட" என்றார், பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி. "உன்னைக் காப்பாத்த எங்கிட்ட ரூல் இல்லை."

ஜீப்பில் ஏறப் போனவர் திரும்பி வந்து, ஆறிய சோற்றை உட்கார்ந்து முழுசாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று கருத்தம்மா பல வருஷம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எளிய அர்த்தமும் உண்டு: சர்க்கரை வியாதி.

அறிக்கை நேர்மையாகவே போனது. கட்டடம் இடைவிடாமல் பயன்பாட்டில் உள்ளது; பாசறை நிலத்தில், அடுப்பு உட்பட அனைத்தும் கட்டப்பட்ட நோக்கத்துக்கே இன்றும் பயன்படுவதை நேரில் கண்டேன்; பழமை கருதிப் பாதுகாக்கத் தக்கது. கீழே இன்னொரு பத்தி: காவல் பணியில் உள்ள தினக்கூலி தவசிமுத்து, அனுமதியின்றி வெளியாரை அனுமதித்தமைக்காக அங்கிருந்து நீக்கப்பட்டு சாலைப் பணிக்கு அனுப்பப்படுகிறார். லிஸ்டில் பதினொன்று அறுபத்தெட்டானது.

இரண்டு மூட்டைதான் என்றாலும், பதின்மூன்று வருஷத்து இரண்டு மூட்டை. தளவாய்புரத்தில் ஓர் ஒற்றை அறைக்குக் குடி போனார்கள். சேத்தூருக்குப் போய்விடுவேன் என்ற வேலுத்தாய் போகவில்லை. நான்கு நாள் பேசாமல் இருந்துவிட்டு, ஐந்தாம் நாள், "ஒம்ம வாரம் ஒருவழியா முடிஞ்சிருச்சு" என்றாள். அவ்வளவுதான் சண்டை.

அடுத்த வருஷம் பாதுகாப்பு ஆரம்பமானது. பாதுகாப்பு என்றால், முதலில் யாரையும் உள்ளே விடாமல் இருப்பது. பங்களாவைச் சுற்றிச் சுவர் எழும்பியது. சுண்ணாம்புச் சுவருக்கு மஞ்சள் சிமெண்ட் பெயிண்ட் அடித்தார்கள். புகைக்கூண்டுக்குத் தகரம் போட்டு மூடினார்கள். இரும்புக் கதவு, அதில் பூட்டு, பூட்டுக்கு மேல் போர்டு: 'அனுமதியின்றி உள்ளே நுழைவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்'. தண்டுமேட்டைச் சுற்றி முள்கம்பி. கம்பியை நேராக இழுத்தபோது முப்பத்தொன்பது கல் உள்ளே போனது. நாற்பதாவது கல், அந்த வெளுத்த துவைகல், இரண்டடி தள்ளி வெளியே நின்றுவிட்டது. அதற்காகக் கம்பியை யார் வளைப்பார்கள்?

தார்ச் சட்டியோடு அந்தப் பக்கம் வேலைக்கு வரும் நாட்களில் தவசிமுத்து கம்பிக்கு வெளியே நின்று எண்ணிவிட்டுப் போவார். உள்ளே முப்பத்தொன்பது, வெளியே ஒன்று. கணக்கு சரிதான். பச்சை ஜன்னல் மட்டும் திறக்கவில்லை.

தொண்ணூற்றேழு தை மாதம் பேச்சியம்மாளுக்கு வரன் வந்தது. மம்சாபுரத்துப் பையன், மில்லில் ஃபிட்டர். தளவாய்புரத்து ஒற்றை அறையில் எட்டுப் பேருக்கு மேல் நிற்க முடியாது. கருத்தம்மாதான் கேட்டார்:

"எங்க வச்சுப் பாக்க?"

பேச்சியம்மாள் சொன்னாள்: "நாப்பதாவது கல்லுல."

அப்படியே நடந்தது. கம்பிக்கு வெளியே ஜமக்காளம் விரித்து, கல்லின் மேல் அவளை உட்கார வைத்தார்கள். பின்னால் கம்பி, அதற்குப் பின்னால் சுவர், சுவருக்கு மேலே தகரத் தொப்பி போட்ட புகைக்கூண்டு. மாப்பிள்ளைப் பையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது என்ன கூண்டு?" என்று கேட்டான்.

"குளிர்காய்றதுக்கு" என்றாள் பேச்சியம்மாள்.

"இந்த ஊருலயா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். பெரியவர்கள் இருமினார்கள். ஒரு மணி நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் இலையில் உட்கார்ந்தார்கள், சாம்பார் ஊற்றியாயிற்று.

எல்லாரும் கை கழுவப் போன சமயம், தவசிமுத்து வேலைக்கு வைத்திருந்த பாக்கெட் நோட்டை எடுத்து, ஒரு பக்கத்தில் கோடு போட்டார். தேதி, பெயர், ஊர், வந்த நோக்கம் எல்லாம் தானே எழுதி, பேனாவை மகளிடம் நீட்டினார்.

"எழுது தாயி. ரூலு."

அவள் வாங்கி, நிதானமாக எழுதினாள்: 'சம்மதம். மாப்பிள்ளை நன்றாகச் சிரிக்கிறார். பங்களா பூட்டியிருந்தது.'

தவசிமுத்து அதை இரண்டு தடவை படித்தார். பிறகு அதற்குக் கீழே, அழகு மாறாத அந்தப் பழைய எழுத்தில், 'மேலிடத்துக்குத் தெரிவிக்கப்பட்டது' என்று எழுதினார்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் போஸ்ட் ஆபீசில் இறங்கி ஒரு கார்டு வாங்கினார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, உண்மையிலேயே தெரிவித்தார்.